தோற்றால் இரட்டிப்பு: ரூலெட்டில் பணம் எந்த வழியாகப் போகிறது

மதுரை கீழமாசி வீதியில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டது இது. "சார், என் சித்தப்பா மகன் செல்போனில் ரூலெட் ஆடுகிறான். சிவப்பில் நூறு ரூபாய் வைப்பான். தோற்றால் இருநூறு, அப்புறம் நானூறு, எண்ணூறு என்று இரட்டித்துக்கொண்டே போவான். எந்த இடத்தில் ஜெயித்தாலும் பழைய நஷ்டம் எல்லாம் தீர்ந்து நூறு ரூபாய் மிச்சம் நிற்கும். இப்படிப் பத்துத் தடவை ஜெயித்ததும் அன்றைக்கு நிறுத்திவிடுவான். இருபது நாளாகத் தினம் ஆயிரம் ரூபாய் பார்த்திருக்கிறான். எட்டு முறை வரிசையாகத் தோற்றாலும் தாங்கும்படி 25,500 ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறான். எட்டு முறை வரிசையாக எப்படித் தோற்கும்? என்னையும் வட்டிக்கு வாங்கிப் போடச் சொல்கிறான். இதில் ஓட்டை எங்கே? வேறு ஏதாவது முறை தேறுமா? நானும் அந்த ஆப்பில் கொஞ்சம் போட்டுவிட்டேன், என்ன செய்வது?"

முதலில் பதில்: வட்டிக்கு வாங்காதீர்கள், ஒரு ரூபாய்கூட வேண்டாம். இந்த முறையும் தேறாது, வேறு எந்த முறையும் தேறாது. சொன்னால் மட்டும் போதாது, ஏன் என்று தெரிந்தால்தான் உங்கள் சித்தப்பா மகனிடம் நீங்கள் பேச முடியும். மதுரையில் பல வருடம் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவன் நான். மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் வந்த பிள்ளைகள் நிகழ்தகவுப் பாடத்தில் அதிகம் தடுமாறிய இடமும் இதுதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சக்கரத்திலிருந்து ஆரம்பிப்போம். சுழலும் சக்கரத்தில் பந்து எந்தக் குழியில் விழும் என்று ஊகித்துப் பணம் வைக்கும் சூதாட்டம்தான் ரூலெட். ஐரோப்பிய ரூலெட் சக்கரத்தில் 37 குழிகள். 1 முதல் 36 வரை எண்கள், அதில் 18 சிவப்பு, 18 கறுப்பு. மிச்சம் ஒன்று பச்சை நிறத்தில் பூஜ்ஜியம். ஓர் எண்ணில் நூறு ரூபாய் வைத்து அது விழுந்தால் 3,500 ரூபாய் தருவார்கள், வைத்த நூறும் திரும்பி வரும். ஆக 3,600. இப்போது 37 எண்களிலும் தலா நூறு ரூபாய் வைத்துவிடுங்கள். 3,700 ரூபாய் மேசைக்குப் போகிறது. எந்த எண் விழுந்தாலும் 3,600 ரூபாய்தான் வரும். அதிர்ஷ்டத்துக்கு இங்கே வேலையே இல்லை, சுற்றுக்கு நூறு ரூபாய் குறைகிறது. வைத்த பணத்தில் 37இல் ஒரு பங்கு, அதாவது 2.70 சதவீதம். இதுதான் மேசையின், அதாவது ஆட்டம் நடத்துகிறவரின், பங்கு.

எந்தக் கட்டத்தில் வைத்தாலும் இந்தப் பங்கு மாறாது. சிவப்பில் வைத்தால் 18 வழியில் ஜெயம், 19 வழியில் தோல்வி. வித்தியாசம் அதே 37இல் ஒன்று. 'முப்பத்தேழில் இருபத்து நான்கு எண்ணை மூடிவிட்டால் 65 சதவீதம் ஜெயம்' என்று ஒரு வீடியோ சுற்றுகிறதே, அதையும் போட்டுப் பார்க்கலாம். பன்னிரண்டு எண்களைக் கொண்ட டஜன் கட்டங்கள் இரண்டில் தலா நூறு வைக்கிறீர்கள். 24 வழியில் நூறு ரூபாய் லாபம், 13 வழியில் இருநூறு நஷ்டம். 2,400இலிருந்து 2,600 போனால் 37 சுற்றுக்கு 200 ரூபாய் குறைவு. அந்த 37 சுற்றில் நீங்கள் வைத்தது 7,400. 7,400இல் 200 என்றால் அதே 2.70 சதவீதம். ஜெயிக்கும் தடவை கூடியது, ஜெயிக்கும் தொகை அதற்கு ஏற்றபடி சுருங்கிவிட்டது.

அமெரிக்கச் சக்கரத்தில் இரட்டைப் பூஜ்ஜியமும் உண்டு. 38 குழி, பங்கு 5.26 சதவீதம். லாஸ் வேகாஸில் இப்போது சில மேசைகளில் மூன்று பூஜ்ஜியம் வைக்கிறார்கள், அங்கே 7.69. எதிர்த் திசையிலும் நடந்திருக்கிறது. 1843இல் ஜெர்மனியின் ஹோம்பர்க் நகரில் சூதாட்ட விடுதி நடத்திய பிளாங்க் சகோதரர்கள் போட்டியாளர்களிடமிருந்து கூட்டத்தை இழுக்க ஒற்றைப் பூஜ்ஜியச் சக்கரத்தைக் கொண்டுவந்தார்கள். பிரெஞ்சு மேசைகள் சிலவற்றில் பூஜ்ஜியம் விழுந்தால் சிவப்பு, கறுப்பில் வைத்தவருக்குப் பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் உண்டு, அப்போது பங்கு 1.35ஆகக் குறையும். எவ்வளவு குறைந்தாலும் அது உங்கள் பக்கம் சாய்வதில்லை.

இனி முக்கியமான விஷயம். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும். ஒவ்வொரு சுற்றிலும் வைக்கிற பணத்தில் சராசரியாக 37இல் ஒரு பங்கு போகிறது. அடுத்த சுற்றில் நூறு வைப்பதா, ஆறாயிரம் வைப்பதா என்பதை முந்தைய சுற்றுகளைப் பார்த்து நீங்கள் முடிவு செய்யலாம். ஆனால் முடிவு செய்தபின் அந்தச் சுற்றின் கணக்கு வேறு எதையும் சார்ந்து இல்லை. அதிலும் போவது 37இல் ஒன்றுதான். சராசரிகளைக் கூட்டலாம். எனவே ஒரு நாள் முழுக்க, ஒரு மாதம் முழுக்க, எந்த வரிசையில், எந்தத் தொகையாக ஆடினாலும் எதிர்பார்க்க வேண்டிய நஷ்டம் மேசையில் வைத்த மொத்தப் பணம் வகுத்தல் 37. இந்தச் சூத்திரத்தில் 'முறை' நுழைய இடமே கிடையாது.

உங்கள் சித்தப்பா மகனின் கணக்குக்கு வருவோம். 100, 200, 400 என்று எட்டுப் படி போனால் கடைசிப் பந்தயம் 12,800, மொத்தம் 25,500. ஒரு சுற்றில் தோற்கும் வாய்ப்பு 37இல் 19. எட்டும் தோற்க அந்தப் பின்னத்தை எட்டு முறை பெருக்க வேண்டும்: 0.0048, ஏறக்குறைய 207இல் ஒன்று. நூறு ரூபாயில் தொடங்கி ஒரு ஜெயத்திலோ எட்டுத் தோல்வியிலோ முடியும் வரை உள்ளதை ஒரு 'ஆட்டம்' என்று சொல்லிக்கொள்வோம். 207 ஆட்டத்தில் 206இல் நூறு நூறாக 20,600 ரூபாய் வருகிறது. ஒன்றில் 25,500 போகிறது. 207 என்று முழுமையாக்காமல் துல்லியமாகச் சராசரி எடுத்தால் ஆட்டத்துக்கு 23 ரூபாய் 78 காசு நஷ்டம். சூத்திரத்தோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்க்கலாம். ஓர் ஆட்டத்தில் அவர் மேசையில் வைக்கும் பணம் சராசரியாக 880 ரூபாய். 37ஆல் வகுத்தால் அதே 23.78 வருகிறது. நூறு ரூபாய்க்கு ஆடுவதாக நினைத்துக்கொண்டு, உண்மையில் அவர் 880 ரூபாய்க்கு ஆடிக்கொண்டிருக்கிறார்.

அப்படியானால் இருபது நாள் ஜெயித்தது பொய்யா? பொய் இல்லை. இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். நாளுக்குப் பத்து ஆட்டம், இருபது நாளில் இருநூறு ஆட்டம். ஒரு தடவைகூட அடி விழாமல் தப்பும் வாய்ப்பு 38 சதவீதம். நூறு பேர் இதே முறையில் இருபது நாள் ஆடுவதாகவும், அடி விழுந்தவர்கள் மறுபடி பணம் புரட்டிக்கொண்டு வந்து தொடர்வதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 38 பேர் கையில் இருபதாயிரத்தோடு, முகத்தில் சந்தோஷத்தோடு இருப்பார்கள். மற்ற 62 பேர் ஒரு தடவையாவது 25,500ஐ மொத்தமாக விட்டிருப்பார்கள். நூறு பேரையும் சேர்த்துப் பார்த்தால் கிட்டத்தட்ட 4,76,000 ரூபாய் நஷ்டம். அந்த 38 பேரில் ஒருவர் உங்கள் சித்தப்பா மகன். வீடியோ போடுகிறவரும், டெலிகிராமில் குழு ஆரம்பிக்கிறவரும் அந்த 38 பேரிலிருந்து வருகிறவர்கள்தான். 62 பேர் வீட்டில்கூடச் சொல்லாமல் இருப்பார்கள். முப்பது நாள் தாண்டும் வாய்ப்பு 23 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அவர் நேற்றுவரை தப்பியது இன்றைக்கு எந்த விதத்திலும் உதவாது.

எட்டு முறை வரிசையாக எப்படித் தோற்கும் என்று கேட்டீர்கள். சிவப்பிலேயே வைத்துக்கொண்டு சக்கரத்தைப் பார்த்தபடி இருந்தால், எட்டுத் தொடர் தோல்வி வரச் சராசரியாக 423 சுற்று ஆகும். நிஜ மேசையில் மணிக்கு 40 சுற்று என்று வைத்தால் பத்தரை மணி நேரம். செல்போனில் சில வினாடிக்கு ஒரு சுற்று ஓடுகிறது, அங்கே ஒரே சாயங்காலத்தில் வந்துவிடும். நம் மனம் தொடர்களைக் குறைத்து மதிப்பிடுகிறது. வகுப்பில் பிள்ளைகளிடம் நூறு முறை நாணயம் சுண்டிய மாதிரி மனதிலிருந்தே தலை, பூ என்று எழுதச் சொன்னால், ஆறு தலையை வரிசையாக எழுத ஒருவருக்கும் கை வராது. நிஜமாகச் சுண்டினால் ஆறு வரிசையாக வருவது சாதாரணம்.

இதன் இன்னொரு முகம்தான் 'இவ்வளவு கறுப்பு வந்தாச்சு, இனி சிவப்புதான்' என்கிற நம்பிக்கை. 1913 ஆகஸ்ட் 18 அன்று மொனாக்கோவின் மான்டி கார்லோ கேசினோவில் (சூதாட்ட விடுதியில்) ஒரு மேசையில் 26 முறை வரிசையாகக் கறுப்பு விழுந்தது. பதினைந்து தாண்டியதிலிருந்தே கூட்டம் அலைமோதி, சிவப்பில் பணத்தைக் கொட்டி இரட்டித்துக்கொண்டே போய் லட்சக்கணக்கான ஃபிராங்க்கை இழந்தது. ஒரு குறிப்பிட்ட சுற்றிலிருந்து 26 கறுப்பு தொடர்ந்து வரும் வாய்ப்பு 13.7 கோடியில் ஒன்று. ஆனால் 25 கறுப்பு ஏற்கெனவே விழுந்துவிட்ட பிறகு 26ஆவதும் கறுப்பாக இருக்கும் வாய்ப்பு என்ன? 37இல் 18, வழக்கம் போலவே. பந்துக்கும் சக்கரத்துக்கும் ஞாபகம் கிடையாது. கடந்ததை எண்ணிக்கொண்டிருப்பது நாம் மட்டும்தான்.

அடுத்து சொல்வது என்னையே முதல் தடவை நிமிர வைத்த கணக்கு. 25,500 ரூபாயை 51,000 ஆக்க வேண்டும், அதுதான் குறி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரட்டிப்பு முறையில் அதற்கு 255 ஆட்டம் ஒன்றும் தவறாமல் ஜெயிக்க வேண்டும். வாய்ப்பு 29 சதவீதம். அதே 25,500ஐ மொத்தமாக ஒரே தடவை சிவப்பில் வைத்தால் 48.6 சதவீதம். நூறு நூறாக, நிதானமாக, இரட்டிக்காமல் ஆடி, பணம் இரட்டிக்கும் வரை அல்லது காலியாகும் வரை தொடர்ந்தால்? பத்து லட்சத்தில் ஒன்று! மூன்றும் ஒரே சக்கரம், ஒரே 2.70 சதவீதம். வித்தியாசம் மேசை வழியாக எவ்வளவு பணம் புரண்டது என்பதில்தான். நூறு நூறாக ஆடுகிறவர் அதே பணத்தைத் திரும்பத் திரும்ப உள்ளே அனுப்புகிறார், ஒவ்வொரு தடவையும் 37இல் ஒன்று வெட்டப்படுகிறது. பாதகமான ஆட்டத்தில் துணிந்து பெரிதாக வைப்பதைவிடச் சிறந்த உபாயம் இல்லை என்று 1965இல் லெஸ்டர் டூபின்ஸ், லெனர்ட் சாவேஜ் என்ற இரு கணிதர்கள் நிறுவினார்கள். கணிதத்தின்படி 'கவனமாக, கொஞ்சம் கொஞ்சமாக' ஆடுவதுதான் ரூலெட்டில் நிச்சயமாகத் தோற்கும் வழி. தயவுசெய்து இதைப் படித்துவிட்டு மொத்தப் பணத்தையும் வைக்கப் போய்விடாதீர்கள். 48.6 சதவீத வாய்ப்பு என்றால் மீதி 51.4 சதவீதம் கடை முதல் காலி என்று அர்த்தம்.

'பணம் போதவில்லை, அதுதான் பிரச்சினை. கோடிக்கணக்கில் இருந்தால் ஜெயிக்கலாமே' என்று சிலர் வாதிடுவார்கள். மேசைகளில் மேல் வரம்பு இருக்கிறது, அது இருக்கட்டும். வரம்பே இல்லை என்று வைத்தால்கூட, பத்துப் படிக்கு 1,02,300 ரூபாய் வேண்டும், இருபது படிக்குப் பத்துக் கோடிக்கு மேல் வேண்டும், எல்லாம் அந்த நூறு ரூபாய் லாபத்துக்கு. படி கூடக் கூடத் தோல்வி அபூர்வமாகிறது, ஆனால் தோல்வியின் தொகை அதைவிட வேகமாக வளர்கிறது. எட்டுப் படியில் ஆட்டத்துக்கு 23.78 என்ற சராசரி நஷ்டம் பத்துப் படியில் 30 ரூபாய்க்கு மேல் போய்விடும். அதாவது அதிகப் பணம் வைத்திருப்பவர் அதிகம் இழக்கிறார். முடிவில்லாத பணமும் முடிவில்லாத நேரமும் உள்ளவருக்கு மட்டும் இந்த முறை வேலை செய்யும். அவருக்கு அந்த நூறு ரூபாய் எதற்கு?

இரட்டிப்பு முறைக்கு ஐரோப்பாவில் மார்ட்டிங்கேல் என்று பெயர். 1939இல் பிரெஞ்சுக் கணிதர் ழான் வீல் அந்தப் பெயரையே எடுத்து ஒரு கணிதக் கருத்துக்குச் சூட்டினார். அமெரிக்கர் ஜோசப் டூப் அதை முழுக் கோட்பாடாக வளர்த்தார். அதில் ஒரு தேற்றம் நம் கேள்விக்கு நேரான பதில்: ஆட்டம் நியாயமானதாகவே இருந்தாலும், கையில் உள்ள பணத்துக்கும் நேரத்துக்கும் எல்லை உண்டு என்றால், எப்போது நிறுத்துவது என்பதை எவ்வளவு சாமர்த்தியமாகத் தேர்ந்தாலும் சராசரி லாபம் பூஜ்ஜியத்தைத் தாண்டாது. பாதகமான ஆட்டத்தில் பூஜ்ஜியத்தையும் எட்டாது. 'பத்து ஜெயித்ததும் நிறுத்துகிறேன்' என்பதற்கும் இதே பதில்தான். இன்று நிறுத்தி நாளை தொடர்வது ஒரே நீண்ட ஆட்டத்தின் நடுவே தூங்கி எழுவதுதான்.

வேறு முறைகளைப் பற்றியும் கேட்டீர்கள். அவற்றில் கவனித்துப் பார்க்க வேண்டியது லபுஷேர் முறை. ஹென்றி லபுஷேர் என்ற பிரிட்டிஷ் அரசியல்வாதியின் பெயரில் வழங்குவது. ஒரு தாளில் 1, 2, 3, 4 என்று எழுதிக்கொள்வார்கள். முதலும் கடைசியும் கூட்டி ஐந்து பங்கு வைப்பார்கள் (இங்கே பங்கு என்பது பந்தயத்தின் அடிப்படைத் தொகை). ஜெயித்தால் இரண்டு முனையையும் அடிப்பார்கள், தோற்றால் தோற்ற தொகையைக் கடைசியில் எழுதுவார்கள். எல்லா எண்ணும் அடிபட்டால் பத்துப் பங்கு லாபம். ஜெயத்துக்கு இரண்டு எண் போகிறது, தோல்விக்கு ஒன்றுதான் சேர்கிறது. மூன்றில் ஒரு தடவைக்குக் கொஞ்சம் மேலே ஜெயித்தாலே பட்டியல் தீர்ந்துவிடும். நமக்கோ 48.6 சதவீத ஜெயம் உண்டே! கேட்டால் மயக்கும். உண்மையிலேயே பெரும்பாலான தடவை பட்டியல் தீர்ந்துவிடும். ஆனால் முதலிலேயே ஐந்து தோல்வி வந்தால் 35 பங்கு போய், பட்டியல் ஒன்பது எண்களாக நீண்டு, அடுத்த பந்தயம் பத்துப் பங்காக நிற்கும். அப்புறம் ஜெயமும் தோல்வியுமாக மாறி மாறி வந்தாலே போதும், உள்ளே இருக்கும் சின்ன எண்கள் தீர்ந்து பெரிய எண்கள் மட்டும் மிஞ்சும், பந்தயம் வீங்கும். பல நாள் சிறு லாபம், ஒரு நாள் பெரும் பள்ளம் என்ற அதே வடிவம்தான் வருகிறது. கொஞ்சம் மெதுவாக வருகிறது, அவ்வளவுதான்.

தாலம்பேர் முறையில் தோற்றால் ஒரு பங்கு கூட்டுவார்கள், ஜெயித்தால் ஒன்று குறைப்பார்கள். ஜெயமும் தோல்வியும் சமமாகும் என்ற நம்பிக்கையில் நிற்பது அது. அந்தப் பெயருக்குரிய தாலம்பேர் பெரிய கணிதர். அவரே 1754இல் இரண்டு முறை நாணயம் சுண்டினால் ஒரு தலையாவது விழும் வாய்ப்பு மூன்றில் இரண்டு என்று எழுதிவிட்டார். சரியான விடை நான்கில் மூன்று. நிகழ்தகவு எவ்வளவு பெரிய மூளையையும் சறுக்க வைக்கும் என்பதற்காகச் சொல்கிறேன். ஃபிபொனாச்சி வரிசைப்படி (1, 1, 2, 3, 5 என்று போவது) கூட்டுவது, ஜெயித்தால் இரட்டிப்பது எல்லாம் இதே குடும்பம். ஜெயித்தால் இரட்டிப்பதில் வடிவம் தலைகீழாகும்: பல சிறு நஷ்டம், அபூர்வமாக ஒரு பெரிய லாபம். சராசரி மட்டும் அசையாது.

அப்படியென்றால் ரூலெட்டில் ஜெயித்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்களே? நிச்சயம் இருக்கிறார்கள். கோவா போய்விட்டு வருகிற பத்துப் பேரில் மூன்று நான்கு பேர் லாபத்தோடு வருவது கணக்குப்படியே நடக்க வேண்டியது. இருநூறு ரூபாய் வீதம் இருநூறு சுற்று ஆடுகிறவர் 40,000 ரூபாயை மேசையில் புரட்டுகிறார். சராசரி நஷ்டம் 1,081 ரூபாய். ஆனால் அதிர்ஷ்டத்தால் வழக்கமாக வரும் ஏற்ற இறக்கம், அதாவது வீச்சு, இரு பக்கமும் சுமார் 2,800 ரூபாய். எனவே அந்த ராத்திரி அவர் லாபத்தில் எழுந்திருக்க ஏறத்தாழ 33 சதவீத வாய்ப்பு உண்டு. இதே மாதிரி ஐம்பது ராத்திரி ஆடினால் நஷ்டம் ஐம்பது மடங்காகி 54,000 ஆகும், வீச்சோ ஐம்பதின் வர்க்கமூலமான ஏழு மடங்குதான் கூடி 20,000ஆக நிற்கும். அப்போது லாபத்தில் இருக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று நான்கு. நஷ்டம் சுற்றுகளின் எண்ணிக்கையோடு வளர்கிறது, அதிர்ஷ்டம் அதன் வர்க்கமூலத்தோடு வளர்கிறது. கேசினோ ஒரு மேசையில் ஆயிரக்கணக்கான பேருடன் ஆண்டு முழுக்க ஆடுகிறது, அதனால் அதற்கு அதிர்ஷ்டம் தேவைப்படுவதே இல்லை.

ரூலெட்டை உண்மையிலேயே வென்றவர்களும் உண்டு. ஒருவரும் பந்தய முறையால் வெல்லவில்லை, சக்கரத்தைப் படித்து வென்றார்கள். உங்கள் ஜவுளித் தொழிலுக்குப் பக்கத்து ஆள் ஒருவர் அதில் இருக்கிறார். இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் நெசவுத் தொழிலில் இருந்த ஜோசப் ஜாகர். இயந்திரம் எதுவும் முழுச் சமநிலையில் சுழலாது என்பது அவருக்குத் தெரியும். மான்டி கார்லோவில் ஆள் வைத்து ஒவ்வொரு சக்கரத்திலும் விழுந்த எண்களை எழுதவைத்து, ஒரு சக்கரம் சில எண்களின் பக்கம் சாய்வதைக் கண்டுபிடித்துப் பெரும் பணம் வென்றார். நிர்வாகம் சக்கரத்தை மாற்றியதும் அவர் லாபமும் நின்றது. 1961இல் அமெரிக்கக் கணிதர்கள் எட்வர்ட் தார்ப், கிளாட் ஷானன் இருவரும் உடம்பில் மறைத்துக்கொள்ளும் சிறு கணினி ஒன்றைச் செய்தார்கள். பந்தும் சக்கரமும் ஒரு புள்ளியைத் தாண்டும் நேரத்தைக் கால் விரலால் பொத்தானை அழுத்திப் பதிந்து, பந்து எந்தப் பகுதியில் விழும் என்று ஊகித்தார்கள். 44 சதவீதம் வரை சாதகம் கிடைக்கும் என்று அவர்கள் கணக்கு. அது இயற்பியல். 37இல் ஒன்று என்ற வாய்ப்பையே அவர்கள் மாற்றினார்கள். செல்போன் திரையில் பந்தும் இல்லை, சக்கரமும் இல்லை, படிக்க ஒன்றுமே இல்லை.

எவ்வளவு வைப்பது என்பதற்குக் கணிதத்தில் ஒரு நல்ல பதில் இருக்கிறது. 1956இல் பெல் ஆய்வகத்தின் ஜான் கெல்லி கொடுத்தது. வைத்ததற்குச் சமமாகக் கிடைக்கும் பந்தயத்தில், ஜெயிக்கும் வாய்ப்பிலிருந்து தோற்கும் வாய்ப்பைக் கழித்து, கையில் உள்ள பணத்தில் அந்தப் பங்கை வைக்க வேண்டும். சிவப்புக்குப் போட்டுப் பாருங்கள்: 18 கழித்தல் 19, மைனஸ் ஒன்று. மைனஸாக வந்தால் வைக்காதே என்று பொருள்.

நம் பக்கத்து ஆட்டம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ரூலெட் எங்கோ வெளிநாட்டு விஷயம் என்று நினைப்பவர்கள் இதை விளையாடியிருப்பார்கள். ஊர்த் திருவிழாவில் 'வை ராஜா வை' என்று கூவி ஆறு படம் போட்ட விரிப்பை விரிக்கும் லங்கர் கட்டை. மூன்று கட்டை உருட்டி, உங்கள் படம் ஒன்றில் வந்தால் ஒரு பங்கு, இரண்டில் வந்தால் இரண்டு, மூன்றிலும் வந்தால் மூன்று என்று கொடுத்தால், கணக்கு இப்படி: ஆறு படம், மூன்று கட்டை, பாதிக்குப் பாதி என்று மனம் சொல்லும். ஆனால் 216 வழிகளில் 125இல் உங்கள் படம் வரவே வராது. 75 வழியில் ஒரு தடவை, 15இல் இரண்டு, ஒன்றே ஒன்றில் மூன்று. வரவு 75, 30, 3, ஆக 108, செலவு 125. 216க்கு 17 பங்கு குறைவு, 7.87 சதவீதம். மூன்று பூஜ்ஜிய ரூலெட்டையும் விட மோசம், அதுவும் கட்டை நேர்மையாக இருந்தால்.

இனி வட்டி. பத்து வட்டிக்கு 25,500 வாங்கினால் மாதம் 2,550 ரூபாய் வட்டி மட்டும். மாதம் 300 ஆட்டம் ஆடினால், அடி விழும்போதெல்லாம் பணம் நிரப்பித் தொடர்வதாகக் கொண்டால், சராசரி நஷ்டம் 7,100 ரூபாய்க்கு மேல். இரண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட 9,700. ஆனால் சராசரியைவிட எனக்குப் பயம் தருவது அது வரும் விதம். மாதம் ஒன்பதாயிரமாகப் போனால் நீங்களே சுதாரித்துக்கொள்வீர்கள். இது அப்படிப் போகாது. மூன்று வாரம் தினம் ஆயிரம் வரும், நம்பிக்கை ஏறும், பந்தயத்தை இருநூறில் தொடங்கலாம் என்று தோன்றும், இன்னும் கொஞ்சம் கடன் வாங்கலாம் என்று தோன்றும். அந்த நேரத்தில் ஒரு சாயங்காலம் மொத்தமும் போகும். போனதை எடுக்க மறுபடி கடன். கந்துவட்டியில் குடும்பங்கள் நொறுங்கியதை இந்த ஊரில் நாம் பார்த்திருக்கிறோம், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதுவரை போட்ட கணக்கெல்லாம் நேர்மையான சக்கரத்துக்கு. ஆப்பில் எண்ணைத் தருவது ஒரு நிரல், அதை எழுதியவர் யார், எங்கே இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. எட்டாவது படியில் 12,800 வைக்கும்போது அந்த நிரல் என்ன செய்கிறது என்று சரிபார்க்க உங்களுக்கு வழியே இல்லை. சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. இணையச் சூதாட்டத்தைத் தடைசெய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்தது. முழுக்க அதிர்ஷ்டத்தைச் சார்ந்த ஆட்டங்களுக்கு அந்தத் தடை செல்லும் என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்து சட்டம் கொண்டுவந்தது.

கடைசியாக, ஏற்கெனவே போட்ட பணம். திரையில் எவ்வளவு காட்டினாலும் அது உங்கள் பணம் இல்லை, வங்கிக் கணக்குக்கு வந்தால்தான் உங்கள் பணம். இருப்பதை முழுக்க இன்றைக்கே எடுக்கப் பாருங்கள், 'இன்னும் ஒரு ஆட்டம்' வேண்டாம். எடுக்கும்போது 'முதலில் வரி கட்டு', 'சரிபார்ப்புக் கட்டணம் அனுப்பு' என்று கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள், அது பணம் தராமல் மேலும் பிடுங்கும் வழி. உரையாடல், பணம் அனுப்பிய விவரம், கணக்கு எண், யுபிஐ முகவரி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு 1930 என்ற இணைய மோசடி உதவி எண்ணை உடனே அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணம் கைமாறுவதற்குள் முடக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு. உங்கள் வங்கியிலும் எழுதிக் கொடுங்கள். சித்தப்பா மகனையும் கூடவே உட்கார வைத்து, அவர் கணக்கில் இருப்பதையும் எடுக்கச் சொல்லுங்கள். அவர் இன்னும் அந்த 38 பேரில்தான் இருக்கிறார், எடுத்தால் முழுசாகக் கிடைக்கக்கூடிய நேரம் இது.